போயிற்று, போனது, போச்சு: ஒரு வினைமுற்றின் சரித்திரம்

ஆங்கில வகுப்பில் நாங்கள் ராகம் போட்டுக் கத்திய பாட்டு ஒன்று உண்டு. கோ – வென்ட் – கான். கம் – கேம் – கம். ஈட் – ஏட் – ஈட்டன். மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி, கம்மாக் கரையை ஒட்டிய பள்ளிக்கூடம். ஐம்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினால் கரைமேல் மாடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார். ‘வாக்’குக்கு ‘வாக்டு’, ‘டாக்’குக்கு ‘டாக்டு’ என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மொழி ‘கோ’வில் வந்து ஏன் ‘வென்ட்’ என்று குதிக்கிறது என்று ஒருவன் கேட்டான். “அது அப்படித்தான்டா, மனப்பாடம் பண்ணு” என்றார் வாத்தியார். பண்ணினோம்.

அடுத்த பாடவேளை தமிழ். மழைக்காலம் பற்றிக் கட்டுரை. நான் எழுதியிருந்தது: ‘மழை வந்துச்சு. கம்மா நெறஞ்சு போச்சு.’ தமிழய்யா சிவப்பு மையால் சுழித்து, ‘மழை வந்தது, கண்மாய் நிறைந்து போயிற்று’ என்று ஐம்பது தடவை எழுதி வரச்சொன்னார். ‘கொச்சை’ என்ற சொல்லை நான் முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். ராத்திரி சிம்னி விளக்கில் எழுதிக்கொண்டிருந்தபோது எங்கம்மா எட்டிப் பார்த்துச்சு. “என்னத்தடா ஒண்ணையே எழுதிக்கிட்டுருக்க?” என்று கேட்டுச்சு. சொன்னேன். “கம்மா நெறஞ்சா நெறஞ்சுபோச்சுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?” என்றது. பதில் என்னிடம் இல்லை.

ஆங்கிலத்தில் ஒழுங்கு தவறுவது ‘அப்படித்தான்’. தமிழில் வாய் போன போக்கில் போவது குற்றம். ஒரே நாளில், அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளில் இந்த இரண்டு நீதியும் சொல்லப்பட்டன. முதுகலைத் தமிழ் படித்து, இலக்கணத்தை ஓரளவு கரைத்துக் குடித்த பிறகும் இந்த முரண் என்னை விடவில்லை. ஆகவே ‘போ’ என்ற ஒரேயொரு வினையை எடுத்துக்கொண்டு, அதன் இறந்தகாலம் எங்கிருந்து எங்கே வந்தது, வந்த வழியில் யார் யார் காவல் நின்றார்கள் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. இறந்தகாலம் என்பது வெறும் இலக்கண விவகாரமா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த ‘வென்ட்’. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வுக்கு இறந்தகாலமாக இருந்தது ‘இயோடெ’ போன்ற ஒரு வடிவம். அதுவே ‘கோ’வோடு உறவில்லாத வேறொரு வேரிலிருந்து வந்தது. ‘வென்ட்’ என்பதோ ‘வெண்டு’ (திரும்பு, வழிகொள்) என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம். ‘செண்டு – சென்ட்’, ‘பெண்டு – பென்ட்’ என்பது போல ‘வெண்டு – வென்ட்’. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்தின் தெற்கில் ‘வென்ட்’ பழையதைத் தள்ளிவிட்டு ‘கோ’வின் வீட்டில் குடியேறிவிட்டது. ஸ்காட்லாந்தில் ‘கோ’வுக்கு உரியதையே வைத்து ‘கேட்’ (இழுத்துச் சொல்ல வேண்டும்) என்று உண்டாக்கிக்கொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரன் செய்ததுதான் ஒழுங்கு. ஆனால் பாடப்புத்தகத்தில் ஏறியது லண்டனின் கள்ள உறவு. அடுத்த வீட்டு வினையின் இறந்தகாலத்தைத் தூக்கி வந்து வைத்துக்கொண்ட வடிவத்தைத்தான் கம்மாக் கரைப் பிள்ளைகள் ராகம் போட்டுப் படிக்கிறார்கள். ‘செந்நெறி’ என்பது எந்த ஊர்க்காரன் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் வேண்டியதில்லை.

நம்முடைய ‘போ’வுக்கு வருவோம். இது வேறு வீட்டுக்குப் போகவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே தேய்ந்தது. இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி வகுத்தார். ‘இன்’ சேர்ந்தால் போயினான், ஆயினான். ஒன்றன்பாலுக்குத் து, று, டு என்று பழைய இலக்கணம் மூன்று விகுதி சொல்கிறது. அதில் ‘று’ வகையில் போயிற்று, ஆயிற்று. கம்பனில் ‘போயினான்’ வரும். ஆனால் இன்றைக்கு எந்தத் தமிழய்யாவும் ‘போயினான்’ என்று எழுதச் சொல்வதில்லை. ‘போனான்’ என்றுதான் அவரே எழுதுவார். ‘போயினான்’ நடுவில் தேய்ந்து ‘போனான்’ ஆனது செந்தமிழ். ‘போயிற்று’ தேய்ந்து ‘போச்சு’ ஆனது கொச்சை. ஒரே வினை, ஒரே காலம், ஒரே தேய்வு. ஆண்பாலுக்கு அனுமதி, ஒன்றன்பாலுக்கு அபராதம். இது பற்றி எந்த இலக்கண நூலிலும் விளக்கம் இல்லை.

‘போச்சு’ என்பது சோம்பேறித்தனத்தால் வந்ததும் அல்ல. ‘ற்ற’ என்பது வாயில் ‘த்த’ ஆகும்: காற்று காத்து, சேற்றில் சேத்துல. அதற்கு முன்னால் இகரமோ யகரமோ இருந்தால் ‘த்த’ ‘ச்ச’ ஆகும்: அடித்தான் அடிச்சான், படித்தேன் படிச்சேன், காய்த்தது காச்சது. இந்த இரண்டு விதியையும் வரிசையாகப் போட்டால் போயிற்று ‘போய்த்து’ ஆகி, ‘போச்சு’ ஆகும். வேறெதுவும் ஆக முடியாது. பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் நடுப்படி அப்படியே நிற்கிறது: ‘ஆயிது’, ‘ஹோயிது’, பேச்சில் ‘ஆய்து’, ‘ஹோய்து’. அங்கே அது எழுத்து மொழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சகரம் புதிதா என்றால் அதுவும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தா விளக்கு ‘வைச்ச’ கணக்கு எத்தனையோ கிடக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் அரசன் பெயரோடு கல்லில் வெட்டின இறந்தகாலச் சகரம், ஐந்தாம் வகுப்பு நோட்டில் வந்தால் ஐம்பது தடவை இம்போசிஷன்.

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. ஆயிற்று, போயிற்று போன்ற சில வினைகளுக்கு மட்டுமே உரிய இந்தச் ‘ச்சு’, மற்ற வினைகள்மேலும் படர ஆரம்பித்தது. வந்தது ‘வந்துச்சு’ ஆனது, சொன்னது ‘சொல்லுச்சு’, தின்றது ‘தின்னுச்சு’. ‘வந்துச்சு’வைப் பிரித்துப் பாருங்கள்: ‘ந்த்’ ஒரு இறந்தகாலம், ‘ச்சு’ இன்னொரு இறந்தகாலம். மக்கள் ‘ச்சு’ என்பதையே ‘நடந்து முடிந்தது’ என்பதன் முத்திரையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஹெல்ப்’புக்கு ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் இருந்து, பிறகு ‘வாக்டு’, ‘டாக்டு’ கூட்டத்தைப் பார்த்து ‘ஹெல்ப்டு’ ஆயிற்று. அதை மொழியியலார் ஒப்புமையாக்கம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். உசிலம்பட்டிச் சந்தையில் நடந்ததும் அதேதான்.

இன்னொன்று. தமிழய்யா காப்பாற்ற நினைத்த ‘போயிற்று’ இன்றைக்கு எங்கே இருக்கிறது? செய்தித்தாளில் ‘போனது’, தொலைக்காட்சியில் ‘போனது’, அரசாணையில் ‘போனது’. போனது என்பது ‘போன அது’, அதாவது ஒரு பெயர்போல நிற்கக்கூடிய வடிவம், வினைமுற்றின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘போயிற்று’ இப்போது பழைய நடை எழுதுகிறவர்களிடமும் தேர்வுத்தாளிலும் மட்டும் மூச்சு விடுகிறது. ஆக நமக்குப் போதிக்கப்பட்டது செத்துக்கொண்டிருந்த வடிவம்; தடுக்கப்பட்டது உயிரோடிருந்த வடிவம்.

இங்கே மதுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்ற பெருங்கதையாடலில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் செந்தமிழ் நிலத்துக்குப் பழைய உரைகாரர்கள் சொன்ன எல்லையை ஒருதரம் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வையை ஆற்றுக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. மீனாட்சியம்மன் கோயிலும் நான்கு மாசி வீதிகளும் வையையின் தென்கரை. அதாவது இந்த எல்லைப்படி செல்லூர் செந்தமிழ், சிம்மக்கல் கொடுந்தமிழ்! கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டைப் பட்டியல் போடும்போது முதலில் நிற்பதும் தென்பாண்டிதான். (பாண்டி நாடே செந்தமிழ் நாடு என்று வாதிட்டவர்களும் உண்டு. எல்லைத் தகராறு என்றால் இரண்டு தரப்பு இருக்கத்தானே செய்யும்.) செந்தமிழ் என்பது ஓர் ஊரின் பேச்சல்ல, எந்த ஊரின் பேச்சும் அதில் முழுசாக இல்லாதபடிக்குக் கட்டமைக்கப்பட்ட ஓர் அதிகாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டே பத்திரிகை வந்தது, பெயர் ‘செந்தமிழ்’. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள் வைத்தார்கள். ஏடுகள் அச்சேறின, அழிய இருந்தவை பிழைத்தன. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச நான் ஆளில்லை. என் படிப்பே அந்த உழைப்பின் மிச்சத்தில் நடந்தது. ஆனால் ஒரு தேர்வு முறை வந்துவிட்டால் அதோடு பிழையும் பிழைத்திருத்தமும் வந்துவிடுகின்றன. அதுவரை ஏட்டுக்கும் வாய்க்கும் இடையே இருந்தது தூரம். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் என்று ஆன பிறகு, அந்தத் தூரம் எல்லோர் நோட்டிலும் சிவப்புக் கோடாக விழுந்தது.

அந்தச் சங்கம் தொடங்கிய மூன்றாம் வருஷம், 1904இல், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர் வேலை பார்த்த ஒருவர் பெயர் சுப்பிரமணிய பாரதி. அவருடைய கவிதை முதலில் அச்சேறியதும் அதே வருஷம் மதுரையின் ‘விவேகபாநு’வில்தான். ‘தனிமை இரக்கம்’ என்ற அந்தக் கவிதை பண்டிதர் நடை. அதே மனிதர் பிறகு ‘சுதந்திரப் பள்ளு’ எழுதினார். சாதிக்கு அஞ்சி வணங்கி நின்ற காலம் முடிந்துவிட்டது என்று பள்ளர்கள் ஆடிப் பாடுவதாக அமைந்த பாட்டு. ‘முடிந்துவிட்டது’ என்பதற்கு அங்கே பாரதி ‘போயிற்று’ என்ற வடிவத்தை எடுக்கவில்லை. ‘போச்சு’ என்ற வடிவத்தைத்தான் எடுத்தார். சந்தத்துக்காக என்று சொல்லிவிடலாம். நான் அப்படி மட்டும் நினைக்கவில்லை. ஒரு காலம் போனதை அறிவிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர்களின் வினைமுற்றில்தான் அதை அறிவிக்க முடியும். பள்ளு என்ற வடிவத்தைத் தொட்டதும் அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பேச்சு இறந்தகாலத்தை அக்கறையோடு உட்கார்ந்து கேட்டவர்களில் அயலார் பலர் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கென்றே லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் கொடுந்தமிழ் என்றது இன்று நாம் சொல்லும் பேச்சுத்தமிழ் அப்படியே அல்ல. செய்யுளுக்கு வெளியே புழங்கிய தமிழ். இருந்தாலும் அதற்கும் இலக்கணம் உண்டு என்று ஒருவர் நினைத்ததே பெரிசு. அவருக்கு அவசியம் இருந்தது: பாவசங்கீர்த்தனம் கேட்கிறவருக்கு, எதிரே முழங்கால் போட்டவன் ‘செஞ்சுட்டேன்’ என்கிறானா, ‘செஞ்சுருப்பேன்’ என்கிறானா என்று தெரிய வேண்டும். பிறகு 1964இல் ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் சாதிக்குச் சாதி தமிழ் எப்படி மாறுகிறது என்று எழுதினார்கள். 1999இல் ஹெரால்டு ஷிஃப்மன் பேச்சுத்தமிழுக்கு முழுநூலாக ஓர் இலக்கணம் போட்டார், கேம்பிரிட்ஜ் வெளியீடாக. நம் பல்கலைக்கழக மொழியியல் துறைகளிலும் வேலை நடக்கத்தான் செய்தது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கம்மா பேசுகிற தமிழின் இலக்கணத்தை நான் ஆங்கிலம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள்.

சாதி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘ஆச்சு’, ‘போச்சு’ என்ற இரண்டும் எல்லாச் சாதிக்கும் பொது. அக்கிரகாரத்திலும் போச்சுதான், காலனியிலும் போச்சுதான். கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பிரிந்துவிடும். மதுரை வட்டாரத்தில் ‘போயிருச்சு’, ‘வந்துருச்சு’. ‘விடு’ என்ற துணைவினை இங்கே ‘ரு’ என்று தேய்ந்து நிற்கிறது. சென்னைப் பக்கம் ‘போயிடுச்சு’. பார்ப்பனர் வீட்டில் ‘போயிடுத்து’, ‘வந்துடுத்து’. ‘த்து’ ‘ச்சு’ ஆகாமல் நின்ற ஓர் எழுத்தை வைத்து, ஆளைப் பார்க்காமலே சாதியைச் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு வடிவங்களும் அச்சுக்கு வந்த கதை ஒன்றாக இல்லை. வத்தலக்குண்டு பி.ஆர். ராஜமய்யர் 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். மதுரைச் சீமைக் கதை. பார்ப்பனக் குடும்பங்களின் வீட்டுப்பேச்சு உரையாடலில் உயிரோடு வருகிறது. பண்டிதத் தமிழோ ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை என்ற கோமாளியின் வாயில் கேலிக்கு ஆளாகிறது. நல்ல நாவல், இன்றும் படிக்கலாம். அந்தப் பேச்சை அன்றைக்கும் பின்னாலும் ‘இயல்பு நடை’ என்றார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1992இல், பாமாவின் ‘கருக்கு’ வந்தது. அதே தென்மாவட்டம், சேரியின் பேச்சு. அப்போது எழுந்த சொல் ‘கொச்சை’. ஒரு வீட்டின் வாய்மொழி இயல்பாகவும் இன்னொரு தெருவின் வாய்மொழி கொச்சையாகவும் காதில் விழுகிறதென்றால், கோளாறு மொழியிலா காதிலா?

‘கருக்கு’ செய்தது இன்னொன்று. அதற்கு முன்பும் கரிசல்காட்டிலிருந்து கி. ராஜநாராயணனும் பூமணியும் பேச்சுமொழியைப் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கி.ரா. வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். ஆனால் பொதுவாகத் தமிழ்ப் புனைகதையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது: மேற்கோள் குறிக்குள் பாத்திரம் ‘போச்சு’ என்று பேசலாம், குறிக்கு வெளியே கதைசொல்லி ‘போயிற்று’ அல்லது ‘போனது’ என்றுதான் சொல்ல வேண்டும். (மு.வ. இந்த ஒப்பந்தத்தையும் ஏற்கவில்லை. அவர் பாத்திரங்கள் உள்ளேயும் எழுத்துத் தமிழே பேசினார்கள். ஒலிமாற்றம் மொழியின் இயல்பு என்று மொழிநூல்களில் விளக்கியவரும் அவரே. பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே.) மேற்கோள் குறி ஒரு சுவர். உள்ளே இருப்பவர்கள் அனுபவிப்பவர்கள், வெளியே இருப்பவர் அறிந்தவர். ‘கருக்கு’ அந்தச் சுவரைத் தட்டியது. சொல்லுகிறவளின் இறந்தகாலமே ‘ச்சு’ ஆனது. நடந்ததைச் சொல்ல, நடந்தவர்களின் வினைமுற்றே போதும் என்றானது. இதை வட்டார மணம், மண்வாசனை என்று விமர்சகர்கள் ஒதுக்கியதில் எனக்குச் சம்மதம் இல்லை. வாசனைக்காகச் செய்த காரியமில்லை அது. சாட்சியம் யாருடையது என்ற காரியம்.

சாட்சியம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். மதுரைப் பேச்சில் படர்க்கைப் பன்மைக்கு இரண்டு இறந்தகாலம் உண்டு. மாமா, அத்தை, ஊருக்குப் பெரியவர் என்றால் ‘வந்தாங்க’. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் ‘வந்தாக’. மரியாதை தேவையில்லாத கூட்டம் என்றால் ‘வந்தாய்ங்க’. (சினிமா இந்த ‘ஆய்ங்க’வை எடுத்து அருவாளோடு சேர்த்து விற்றுவிட்டது. 2007இல் ‘பருத்திவீரன்’, அடுத்த வருஷம் ‘சுப்பிரமணியபுரம்’, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் எண்ண முடியாது. மதுரைக்காரன் வாயைத் திறந்தாலே வெட்டுக்குத்து என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.) எழுத்துத் தமிழில் இந்த வேறுபாட்டுக்கு இடமே கிடையாது. இரண்டையும் ‘வந்தார்கள்’ விழுங்கிவிடும்.

இது எனக்கு உறைத்தது ஓர் அறிக்கை தயாரிப்பில். மேலூர்ப் பக்கத்தில் ஓர் அடிதடி. உண்மையறியப் போன குழுவில், எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருவர், கையில் கட்டோடு, திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “நாலு பேர் வந்தாய்ங்க. கதவ ஒதச்சாய்ங்க. அடிச்சாய்ங்க.” நான் எழுதிக்கொண்டேன்: ‘நான்கு பேர் வந்தார்கள். கதவை உதைத்தார்கள். அடித்தார்கள்.’ ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது அதைப் படித்துப் பார்த்தால், அடித்தவனுக்கெல்லாம் நான் ‘ஆர்’ போட்டு மரியாதை செய்திருக்கிறேன். அந்த அம்மா மறுத்த மரியாதையை நான் என் இலக்கணத்தால் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘வந்தனர்’ என்று போட்டாலும் அதே கதை. வேறென்ன போடுவது என்று யோசித்தேன். தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்துத் தமிழில் என்று திருத்திக்கொள்கிறேன்.

காவல் நிலையத்தில் அதே வாக்குமூலம் இன்னும் ஒருபடி மேலே போகும். ‘நான்கு நபர்கள் வந்ததாகவும், கதவை உதைத்ததாகவும், அடித்ததாகவும்’ என்று ஓடும். ‘ஆகவும்’ வந்து ஒட்டியதும் நடந்தது நடந்ததாக இல்லை; ஒருத்தி சொன்னதாக ஆகிவிட்டது. பிறகு ‘தாக்கப்பட்டார்’. அடித்தவன் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறான். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு பயணம் செய்தவர்களும் பேருந்தில் வைத்துத் தாக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத்தான் பார்க்கிறேன்: ‘பட்டார்கள்’ என்று நானும்தான் எழுதியிருக்கிறேன். யார் கொன்றது என்று நாட்டுக்கே தெரிந்த விஷயத்துக்கு.

பேச்சுமொழியைப் புனிதமாக்க வேண்டாம். அதற்கும் இந்த வித்தை தெரியும். ‘ஆச்சு’வைப் பாருங்கள். ‘சாப்பிட்டாச்சு’, ‘சொல்லியாச்சு’, ‘கொடுத்தாச்சு’. செய்தவர் யார் என்று கேட்க இடமில்லாத இறந்தகாலம். நிலத்தை அளக்க வந்த ஆபீசர் ‘அளந்தாச்சு, போங்க’ என்பார். பஞ்சாயத்தில் ‘பேசி முடிச்சாச்சு’ என்பார்கள். யார் பேசினார்கள், யாரிடம் பேசினார்கள்? ‘ஆச்சு’வில் எல்லாம் அடங்கிவிடும். ‘போச்சு’ அப்படியில்லை. ‘உடைஞ்சு போச்சு’, ‘கெட்டுப் போச்சு’, ‘செத்துப் போச்சு’ என்று எப்போதும் இழந்தவரின் பக்கம் நின்று பேசுகிற வினை அது. தனியாகச் சொன்னாலும், ‘போச்சு!’ என்று தலையில் கை வைக்கிற சொல். ‘போயிற்று!’ என்று யாரும் தலையில் கை வைத்ததை நான் பார்த்ததில்லை.

கடைசியாகத் திணை. ‘அம்மா சொல்லுச்சு’ என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மனிதர் உயர்திணை, ‘ச்சு’ அஃறிணை விகுதி, ஆகவே திணை வழு. ஆனால் பவணந்தி இதற்கு வழி விட்டிருக்கிறார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்கிறார். எங்கம்மாவை நான் ‘வந்துச்சு’ என்பது முதல் காரணம். களையெடுக்கப் போன இடத்தில் வரப்பில் நின்ற நிலத்துக்காரர், பெயர் சொல்லாமல், “அது வந்துச்சா இன்னைக்கு?” என்று எங்கம்மாவைக் கேட்டது கடைசிக் காரணம். சொல் ஒன்று, விகுதி ஒன்று. வித்தியாசம் குரலில் இருக்கிறது, யார் எங்கே நின்று சொல்கிறார் என்பதில் இருக்கிறது. எழுதும்போது அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான், படித்த பிள்ளைகள் நாங்கள் ‘அம்மா சொன்னார்’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். ‘சொன்னாள்’ என்பது வேறொரு வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் அம்மாவை அப்படிச் சொன்னால் அப்பத்தா அடிக்கும்.

எங்கம்மா நான்கு வருஷத்துக்கு முன்னால் போயிருச்சு. செய்தியை எனக்குப் போனில் சொன்ன தங்கச்சி சொன்னதும் அதே சொல்தான்: “அண்ணே, அம்மா போயிருச்சுண்ணே.” ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் சுவரொட்டி அடித்து ஒட்டியிருந்தார்கள். ‘இயற்கை எய்தினார்’ என்றிருந்தது. ‘எய்து’ என்ற வினையை எங்கம்மா ஆயுளில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரையில் எங்கம்மா வருகிற இடத்தில் எல்லாம் ‘கேட்டுச்சு’, ‘பார்த்துச்சு’, ‘போயிருச்சு’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பத்தியில் மட்டும், பழக்கதோஷத்தில், ‘என்றது’ என்று ஒன்று விழுந்துவிட்டது. மெய்ப்புப் பார்ப்பவர் அதை ஒன்றை மட்டும் திருத்தினால் போதும்.